நல்லெண்ணம் தராசுக்கு ஈடாகுமா?

ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு காரியத்தைச் செய்கிறார். அது கெடுதலில் முடிகிறது. அவர்மீது குற்றம் உண்டா, இல்லையா? இக்கேள்விக்கு நம் மக்களிடம் விடை எப்போதும் தயாராக இருக்கிறது. "அவருடைய நிய்யத்து சுத்தமானது, அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். நிய்யத்து இல்லாத காரியத்துக்கு மதிப்பில்லை என்பதில் நமக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் நிய்யத்து மட்டும் இருந்தால் போதும் என்று யார் சொன்னார்கள்? பசித்து வந்தவனுக்கு நல்லெண்ணத்தோடு ஊசிப்போன சோற்றைப் போட்டால், அவன் வயிறு நம் எண்ணத்தைப் பார்த்தா நடந்துகொள்ளும்?

இக்கேள்வியைப் பேறுகாலத்தை முன்வைத்து ஆராயலாம் என்று எண்ணுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. வியாபாரத்திலும் அரசியலிலும் நல்ல எண்ணமும் கெட்ட எண்ணமும் கலந்தே கிடக்கும். எது எதனால் விளைந்தது என்று பிரித்தெடுப்பது கடினம். பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி நிற்பவர்களிலோ அவளுக்குத் தீங்கு நினைப்பவர் ஒருவரும் இரார். டாக்டர், தாதி, பெற்ற தாய், மாமி, வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும் கணவன் ஆகிய எல்லாருடைய எண்ணமும் ஒன்றே. எண்ணம் போதுமென்றால் அந்த அறையில் எந்தப் பெண்ணும் மவுத்தாகக் கூடாது. ஆனால் 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 260,000 பெண்கள் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் உயிரிழந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே நல்லெண்ணத்தோடு கூட இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதே நம் விசாரணை.

நாம் வைத்தியம் படித்ததில்லை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்கு முன் உட்கார்ந்துவிட்டோம். ஆயினும் நிறுப்பதும் அளப்பதும் நமக்குத் தெரிந்த தொழில். கீழே வரும் வைத்திய ஆராய்ச்சிகள் யாவும் அடிப்படையில் நிறுத்துப் பார்க்கும் வேலையே என்பதால், துணிந்து எழுதுகிறோம்.

முதலில் ஒரு கசப்பான சரித்திரம். 1938-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் டி.இ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மருந்தைச் செய்தார்கள். பெண்களின் உடலில் இயற்கையாக ஊறும் ஒரு சுரப்பைப் போலவே இது வேலை செய்யும். கரு கலையும் பெண்களுக்கு உடலின் சுரப்புக்கள் குறைந்து போகின்றன, ஆகவே இந்த மருந்தைக் கொடுத்தால் கரு தங்கும் என்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான ஸ்மித் தம்பதியர் எடுத்துச் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஏராளமாகக் கொடுக்கப்பட்டது. சாப்பிட்டவர்களில் பலருக்குக் குழந்தை சுகமாகப் பிறந்தது. மருந்தின் புகழ் பரவிற்று.

சாப்பிடாமல் இருந்திருந்தால் அக்குழந்தைகள் பிறந்திரா என்று எவ்வாறு தெரியும்? நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கடைக்குப் புது விளக்குப் பலகை மாட்டிவிட்டு, "பலகை மாட்டினேன், வியாபாரம் இரட்டித்தது" என்று பெருமை பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பலகை மாட்டாத பக்கத்துக் கடையிலும் அதே வாரம் வியாபாரம் இரட்டித்ததை அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்த்தவர்கள் சிகாகோ நகரத்தில் இருந்தார்கள். அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டீக்மன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 1,600 கர்ப்பிணிகளை இரண்டு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மருந்தையும், மறு கூறினருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெறும் மாத்திரையையும் கொடுத்து வந்தார்கள். 1953-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தினால் ஒரு பயனும் இல்லை.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தராசு காட்டிய பிறகும் பதினெட்டு வருடம் பல டாக்டர்கள் அதே மருந்தை எழுதிக் கொடுத்து வந்தார்கள். "ஏதாவது செய்யுங்கள் டாக்டர்" என்று கண்ணீரோடு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இதுவும் இரக்கமே. 1971-ல் பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இளம் பெண்களுக்கு வரவே வராது என்று சொல்லத்தக்க ஓர் அபூர்வப் புற்றுநோய், பெண்மை உறுப்பிலே, எட்டு இளம் பெண்களுக்கு வந்திருந்தது. விசாரித்ததில், அந்த எட்டுப் பேரில் ஏழு பேருடைய தாய்மார்கள் அவர்களைச் சுமந்திருந்த காலத்தில் டி.இ.எஸ். சாப்பிட்டவர்கள். அவ்வாண்டே கர்ப்பிணிகளுக்கு இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது.

இதில் குற்றவாளி யார்? 1953-க்கு முன்னால் கொடுத்தவரை நாம் கடுமையாகப் பேச மாட்டோம். அவர் அறியாமல் செய்தார். அறிய வழியும் அன்று இல்லை. 1953-க்குப் பின் கொடுத்தவருடைய நிலை வேறு. எண்ணம் முன்னவருக்கும் பின்னவருக்கும் ஒன்றுதான். ஆனால் பின்னவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு கேளாமல் இருந்தார். அறியாமை வேறு, விசாரியாமை வேறு. இரண்டாவதற்கு நல்லெண்ணத்தைப் போர்வையாகப் போர்த்தலாகாது என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

சிகாகோ டாக்டர்களையும் நாம் முழுதும் புகழ்ந்துவிட முடியாது. தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அவர்களிற் சிலர் பிற்காலத்தில் சர்வகலாசாலையின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். தராசு சரியாகத்தான் நிறுத்தது. ஆனால் கடையில் தராசு வாங்குகிறவரின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வைத்து நிறுத்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது, நம்புங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இதைப் பின்னால் மறுபடியும் பேசுவோம்.

இரண்டாவது சரித்திரம் இதற்கு நேர் எதிர். நியூஸிலாந்து நாட்டில் ஆக்லாந்து நகரத்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு வைத்தியர் ஆடுகளை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். பிரசவ வேதனை எதனால் தொடங்குகிறது என்பதே அவர் தேடிய விஷயம். ஸ்டீராய்டு என்னும் வகையைச் சேர்ந்த மருந்தைச் செலுத்தியபோது ஆட்டுக்குட்டிகள் குறைமாதத்திலேயே பிறந்தன. உடனே செத்திருக்க வேண்டிய குட்டிகளில் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் நாளுக்கு முன்னரே பக்குவப்பட்டிருந்தது. குறைமாதத்தில் பிறக்கும் மனிதக் குழந்தைகள் பெரும்பாலும் இறப்பது மூச்சுத் திணறியே என்பதால், அவர் ஹௌவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து, குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார். சீட்டுப் போட்டதுபோலப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தூசியும் மறு சாராருக்கு வேறோர் ஊசியும் போட்டார்கள். 1972-ல் வெளியான முடிவின்படி, பிறந்த சில நாட்களுக்குள் இறந்த சிசுக்கள் மருந்து பெறாதவர்களிடையே நூற்றுக்கு 15. மருந்து பெற்றவர்களிடையே நூற்றுக்கு 3 சொச்சம்.

இப்படிப்பட்ட செய்தி கிடைத்தால் உலகத்திலுள்ள டாக்டர்கள் மறுநாளே அந்த ஊசியைக் கையில் எடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. மேலும் பல சோதனைகள் நடந்தன. பெரும்பாலானவை அதே திசையையே காட்டின. ஆயினும் அமெரிக்காவின் சுகாதார நிபுணர்கள் கூடி இதைப் பரவலாகக் கையாள வேண்டும் என்று அறிக்கையிட்டது 1994-ல். இருபத்திரண்டு வருடம்! இடையில் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளுக்குப் பக்கத்திலும் நல்லெண்ணம் படைத்தவர்கள்தாம் நின்றுகொண்டிருந்தார்கள். உலகத்தில் நடக்கும் வைத்தியச் சோதனைகளையெல்லாம் ஒன்று சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் காக்ரேன் என்ற ஸ்தாபனம் 1993-ல் தோன்றியது. அதன் சின்னத்திலே வரையப்பட்டுள்ள கோடுகள் இந்த மருந்தின் சோதனைக் கணக்குகளே. ஒருமுறை அந்தச் சின்னத்தைப் பார்த்தவர்கள் அது எதற்காக வரையப்பட்டது என்று அறிந்தால் மறக்க மாட்டார்கள்.

அப்படியானால் நல்ல மருந்து என்று தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் எங்கும் கொடுத்துவிடலாம் அல்லவா? இங்கேதான் விஷயம் ருசிகரமாகிறது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஸாம்பியா, குவாத்தமாலா, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில், வசதி குறைந்த இடங்களிலும் இவ்வூசியைப் பரப்பினால் என்ன ஆகும் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்களில் பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. ஊசியைப் பரப்பிய ஊர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்த சிசுக்கள் ஆயிரத்துக்கு 27. பரப்பாத ஊர்களில் 24. தாய்மார்களுக்குக் கிருமித் தொற்றும் கூடியிருந்தது. மாதக் கணக்குச் சரியாகத் தெரியாத இடங்களில், குறைமாதம் என்று எண்ணி ஊசி போடப்பட்டவர்களில் பலர் குறைமாதத்தில் பிரசவிக்கவேயில்லை. நிறைமாதக் குழந்தைக்கு அம்மருந்து தேவையற்றது.

நம் தராசுகளை ஆண்டுக்கொருமுறை கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்குகிறோம். சென்ற வருடம் சரியாக இருந்ததே என்றால் அதிகாரி ஒப்புவாரா? மருந்தின் கதியும் அதுவே. ஓரிடத்தில் நிறுத்தது வேறோர் இடத்துக்குச் செல்லாது. ஆகவே மூன்றாம் முறையும் நிறுத்தார்கள். இம்முறை வங்காளதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் 29 ஆஸ்பத்திரிகள். ஸ்கேன் எடுத்து மாதத்தைச் சரியாகக் கணக்கிட்டு, சிசுவைப் பராமரிக்க வசதியுள்ள இடத்தில் மட்டும் கொடுத்தார்கள். 2,852 தாய்மார்கள் சேர்ந்த நிலையில், பயன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2020-ல் வெளியான கணக்கில், மருந்து பெற்றவர்களின் சிசுக்களில் இறந்தவை நூற்றுக்கு 19.6, பெறாதவர்களிடையே 23.5. ஒரே மருந்து ஒரு கையில் உயிர் கொடுக்கிறது, மற்றொரு கையில் கெடுதல் செய்கிறது. இரண்டு கையும் அன்பான கைகளே.

இனி இரத்தப்போக்கு. பிரசவத்தின்போது இறக்கும் தாய்மார்களில் மிகப் பலரைக் கொண்டுபோவது இதுதான். உலகில் ஆண்டுக்கு 70,000 பேர் இதனால் இறப்பதாகச் சொல்லுகிறார்கள். இதற்கு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று ஒரு மருந்தைப் பற்றியது, மற்றது ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றியது.

மருந்தைக் கண்டவர் ஒரு பெண்மணி. ஜப்பான் நாட்டைச் சேர்ந்த உட்டாகோ ஒக்காமோட்டோ என்ற அவ்வம்மையாரும் அவர் கணவர் ஷோசுக்கேயும் இரத்தம் உறைந்த இடத்தில் அது மீண்டும் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை 1962-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தம் போய் இறக்கும் தாய்மார்களைக் காக்க வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் நோக்கம். ஆனால் சோதித்துப் பார்க்க அந்நாளைய மகப்பேறு டாக்டர்களை அவரால் இசைய வைக்க முடியவில்லை. மருந்து வேறு காரியங்களுக்குப் பயன்பட்டது, தாய்மார்களுக்கு வரவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தே லண்டன் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று 21 நாடுகளில், 193 ஆஸ்பத்திரிகளில், 20,060 பெண்களிடம் இதை நிறுத்துப் பார்த்தார்கள். 2017 ஏப்ரலில் முடிவு வந்தது. இரத்தம் போய் இறந்தவர்கள், வெறும் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 1.9, மருந்து பெற்றவர்களில் 1.5. பிரசவித்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் 1.7-க்கு 1.2. அதற்குமேல் தாமதித்தால் பயன் இல்லை. ஒக்காமோட்டோ அம்மையார் அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலிலே தம் 98-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

"1.9-க்கும் 1.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று சிலர் கேட்கலாம். எழுபதினாயிரம் பேரோடு பெருக்கிப் பார்க்கட்டும். மேலும், இத்தகைய வித்தியாசம் தனி மனிதர் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் நினைக்க வேண்டும். சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-ஆம் வருடம் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகத்திலேயே அதிகப் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரி என்று அது பெயர் பெற்றது. நம் வாசகர்களில் பலர் அங்கே பிறந்தவர்களே. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஆயுள் முழுதும் உழைத்த ஒரு தாதி எத்தனை ஆயிரம் பிரசவம் கண்டிருப்பார்! அவருடைய அனுபவத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். எனினும் 1.9, 1.5 என்னும் வித்தியாசத்தை அவராலும் ஞாபகத்திலிருந்து சொல்ல முடியாது. ஒரு கடையின் பேரேடு போதாது. பல ஊர்க் கடைகளின் பேரேடுகளைக் கூட்ட வேண்டும்.

விரிப்பின் விஷயம் நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. பிரசவித்தவளுக்கு எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதை நெடுங்காலமாகக் கண்மதிப்பாகவே சொல்லி வந்தார்கள். கண்மதிப்பு எத்தகையது என்பதை மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சின்னப் பொட்டலத்தைக் கையில் தூக்கினால் கை கொஞ்சம் கூட்டிச் சொல்லும். பெரிய மூட்டையைப் பார்த்தால் கண் குறைத்துச் சொல்லும். இரத்தத்திலும் அப்படியே நடக்கிறதாம். அதிகமாகப் போகப் போகக் கண் அதைக் குறைவாகவே மதிக்கிறது. அஃதாவது, ஆபத்து கூடும் அளவுக்குக் கண்ணின் பிழையும் கூடுகிறது. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நல்லெண்ணத்தோடு காத்திருக்கும் நேரத்தில் பெண்ணின் உயிர் போய்விடுகிறது.

நைஜீரியா, கென்யா, தான்ஸானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில், பர்மிங்ஹாம் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் முன்னின்று ஒரு காரியம் செய்தார்கள். பிரசவித்தவளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி பை போல் தொங்கும். பையில் அளவுக் கோடுகள் உண்டு. குறித்த கோட்டை இரத்தம் தொட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்: கருப்பையைப் பிசைந்து சுருங்கச் செய்தல், அதைச் சுருக்கும் மருந்து, மேலே சொன்ன ஒக்காமோட்டோ அம்மையாரின் மருந்து, நரம்பு வழியே நீர், இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பரிசோதித்தல். இங்கே பெண்களுக்குச் சீட்டுப் போடவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குச் சீட்டுப் போட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இதில் அடங்குவர். 2023-ல் முடிவு வந்தது. கண்மதிப்பில் இருந்த ஆஸ்பத்திரிகளில் அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே கண்டுபிடிக்கப்பட்டார்கள். விரிப்பு வைத்த இடங்களில் நூற்றுக்கு 93 பேர். கடுமையான இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறத்தல், மரணம் ஆகியவை சேர்ந்து நூற்றுக்கு 4.3-லிருந்து 1.6-ஆகக் குறைந்தன. அவ்வாண்டு இறுதிக்குள் உலகச் சுகாதார நிறுவனமும் அளவுக்கோடு இட்ட விரிப்பைப் பரிந்துரைத்தது.

கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை! இதைப் பரிந்துரைக்க மனிதனுக்கு 2023 வரை ஏன் தேவைப்பட்டது என்று எண்ணும்போது நமக்கு வெட்கமாகவும் இருக்கிறது. அரிசிக்கும் மஞ்சளுக்கும் ஆயிரம் வருடமாகத் தராசு உண்டு.

இது நிற்க. இவ்வளவையும் படித்த அன்பர் ஒருவர், "நீங்கள் சீட்டுப் போடுவதைப் பற்றி இவ்வளவு இலேசாகப் பேசுகிறீர்களே! உயிருக்குப் போராடும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மருந்து, மற்றவளுக்கு வெறும் தண்ணீரா? இதுவும் ஒரு தருமமா?" என்று கேட்கக்கூடும். நியாயமான கோபம். நாம் சொல்வது இதுதான். மருந்து நல்லது என்று தெரிந்திருந்தும் சீட்டுப் போட்டால் அது கொடுமை. அதனால்தான் ஐந்து நாட்டுச் சோதனையை விடை தெரிந்தவுடன் நிறுத்தினார்கள். தெரியாத நிலையில் இருக்கும்போதோ, மருந்து பெறுகிறவள் பாக்கியசாலியா, பெறாதவள் பாக்கியசாலியா என்பதே யாருக்கும் தெரியாது. டி.இ.எஸ். விஷயத்தில் வெறும் மாத்திரை பெற்றவளே பாக்கியசாலி. மேலும், சோதிக்காமல் கொடுக்கிற டாக்டரும் ஒருவகையில் சோதனையே செய்கிறார். கணக்கு மட்டும் எழுதி வைப்பதில்லை. பக்கத்து வார்டில் ஒருவர் கொடுக்கிறார், அடுத்த ஊரில் ஒருவர் கொடுப்பதில்லை. எந்த டாக்டரிடம் எந்தப் பெண் போய்ச் சேருகிறாள் என்பதும் சீட்டுத்தான். அந்தச் சீட்டிலிருந்து எவரும் ஒன்றும் கற்பதில்லை.

மற்றொரு தடையும் நம் வீடுகளில் உண்டு. பேறுகாலத்தில் இறந்தவளுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த ஆறுதல் பெரிது. அடக்கம் முடிந்து வெறும் கையோடு வீடு திரும்புகிற கணவனுக்கும் தாய்க்கும் உரியது. ஆனால் சில பெரியவர்கள் அதை அடக்கத்துக்கு முன்னாலேயே, ஏன், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே எடுத்துப் பேசுகிறார்கள். இறந்தவளுக்கு என்ன கிடைக்கும் என்பது அவளுக்கும் படைத்தவனுக்கும் உள்ள விஷயம். காப்பாற்றக்கூடியவர்கள் என்ன செய்தார்கள் என்பது தனிக் கேள்வி. மலேசியாவில் 1991 முதல், பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் மரணங்களை இரகசியமாக விசாரித்து, எங்கே என்ன தவறியது என்று பார்க்கும் ஏற்பாடு நடைபெறுகிறது. யாரையும் தண்டிப்பது அதன் நோக்கமன்று. அடுத்தவளுக்கு அது நேராதிருக்க வேண்டும் என்பதே. ஆறுதலும் விசாரணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே போதும்.

முன்னால் தள்ளி வைத்த சம்மத விஷயத்துக்கு வருவோம். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடம் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது எப்படி? 20,060 பெண்களின் சோதனையில், கேட்கும் நிலையில் இருந்தவளிடம் அவளையே கேட்டார்கள். இல்லாவிடில் உறவினரைக் கேட்டார்கள். அதற்கும் நேரமில்லாத போது நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சம்மதத்தைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். அவசரத்தில் வேறு வழியில்லை என்று ஒப்புகிறோம். எனினும் நம் மனம் முழுதும் சமாதானமாகவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும் நாட்களிலேயே, சாவகாசமாக, அவளுக்குப் புரியும் பாஷையில், "இப்படியொரு நிலை வந்தால் இப்படியொரு ஆராய்ச்சி இங்கே நடக்கிறது, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு வைப்பது கூடாத காரியமா?

அண்மையில் நம் கடைக்கு வாடிக்கையாக வரும் இளைஞர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். அவர் மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு. கர்ப்ப காலத்தில் அதைக் கவனிக்கும் ஓர் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள்.

"மாமா, எலியை வச்சுச் சோதிக்கிற மாதிரி நம்ம வீட்டுப் பொண்ணை வச்சுச் சோதிப்பாங்களோன்னு உம்மா பயப்படுறாங்க. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"தம்பி, கையெழுத்து நீங்க போடுறதா, அவங்க போடுறதா?" என்று கேட்டோம்.

தாளைத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து இட வேண்டிய இடத்தில் மனைவியின் பெயரே இருந்தது. "அவளைக் கேக்கவே இல்லை, மாமா" என்றார். தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இருவருமாக அதைத் தமிழில் எழுதினோம். எழுதும்போதே கேள்விகள் பிறந்தன. இந்த மருந்தைப் பற்றி இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது? சேராவிட்டால் என்ன வைத்தியம் கிடைக்கும்? பாதியில் விலகினால் கவனிப்புக் குறையுமா? கெடுதல் தென்பட்டால் நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்? நான்கையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அந்தப் பெண் நான்கோடு நிற்கவில்லையாம். குழந்தை பிறந்த பிறகு முடிவை எனக்குச் சொல்வீர்களா என்று ஐந்தாவதாக ஒன்றைத் தானாகவே கேட்டிருக்கிறார். சொல்வோம் என்று தாதி எழுதிக் கொடுத்த பின்னரே கையெழுத்திட்டாராம். சீட்டில் அவருக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பது இன்று வரை அவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது.